கண்ணில் நெல் பட்டால் உள்ளே என்ன நடக்கிறது? கருவிழிப் புண்ணும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை பக்கம் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளைகிறது. அறுப்பு நேரத்தில் இந்த ஊர்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு, "கண்ணுல நெல்லு அடிச்சிருச்சு" என்பது. பெரும்பாலானவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போய்விடுவார்கள். பலருக்கு அத்தோடு சரியாகியும் விடும். சிலருக்கு மட்டும் சில நாளில் கண் சிவந்து, வலி கூடி, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய ஆரம்பிக்கும். "பூ விழுந்திருச்சு" என்பார்கள்.

இது எவ்வளவு பெரிய பிரச்னை என்பதற்கு நெல்லையிலேயே கணக்கு இருக்கிறது. 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 3,183 கருவிழிப் புண்கள் பரிசோதிக்கப்பட்டன. அதில் 1,095 புண்களுக்குக் காரணம் பூஞ்சை. மூன்றில் ஒன்றுக்கும் மேல். அந்த பூஞ்சைப் புண் நோயாளிகளில் 10 பேரில் 9 பேருக்கு மேல், கண்ணில் ஏற்கெனவே ஏதோ ஒன்று பட்டு அடிபட்டிருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அந்த ஆய்வு நடந்தபோது அதுவும் நெல்லை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது.

இங்கே ஒரு கேள்வி. பூஞ்சையைக் கொல்ல மருந்து இருக்கிறது. மருந்து வேலை செய்து பூஞ்சை செத்த பிறகும் பலருக்குப் பார்வை திரும்புவதில்லையே, ஏன்?

இதற்கான பதிலைத் தேடிப் போன மதுரை ஆய்வாளர்கள் வந்து நின்ற இடம், 22 எழுத்து நீளமே உள்ள ஒரு சின்ன மூலக்கூறு. அதன் பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ. 2024-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததும் இதைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான்.

கருவிழிக்குள் என்ன நடக்கிறது?

கருவிழி என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி. தடிமன் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். அதில் இரத்தக் குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் கொலாஜன் இழைகள் அடுக்கி வைத்த மாதிரி ஒரே சீராக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அதை ஒளி ஊடுருவும் பொருளாக வைத்திருக்கின்றன.

நெல்லின் சுணையோ, சோகையின் விளிம்போ கீறினால் மேல் தோல் உரிகிறது. மண்ணிலும் செடியிலும் எப்போதும் இருக்கும் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அந்தக் கீறல் வழியாக உள்ளே போய்விடுகின்றன. உடல் சும்மா இருக்குமா? வெள்ளை அணுக்களைப் படை படையாக அனுப்புகிறது. அவை பூஞ்சையின் மேல் கொட்டும் நொதிகள் கொலாஜன் இழைகளையும் சேர்த்தே கரைக்கின்றன. பூஞ்சை தின்றது பாதி, அதை எதிர்த்த நம் படை கெடுத்தது பாதி என்று கருவிழி சேதமாகிறது. ஆறும்போது அந்த இடத்தில் சீராக அடுக்கிய இழைகள் வருவதில்லை. தழும்பு வருகிறது. அந்தத் தழும்புதான் வெள்ளையாகத் தெரியும் "பூ".

அப்படியென்றால் அழற்சியை அடக்கும் மருந்து போட்டால் போதாதா என்று தோன்றும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து மெடிக்கலில் எளிதாகக் கிடைக்கிறது. போட்டதும் சிவப்பும் வலியும் குறையும், உண்மைதான். ஆனால் பூஞ்சை இருக்கும் கண்ணில் அதைப் போட்டால், காவல் காக்கும் படையையே கட்டிப்போட்ட மாதிரி. பூஞ்சை தடையில்லாமல் உள்ளே பரவும். கண்ணையே இழக்க நேரலாம்.

ஆக, படையை மொத்தமாக அடக்கவும் கூடாது, கட்டவிழ்த்து விடவும் கூடாது. எவ்வளவு, எந்தப் புரதம், எப்போது என்று பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். உடலுக்குள் அந்த வேலையைச் செய்பவற்றில் ஒன்றுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

பிரானூர் பார்டரில் கூட்டம் அலைமோதும் ஒரு புரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே செய்யக்கூடிய எல்லா ஐட்டத்தின் செய்முறையும் ஒரு தடித்த நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு உள் அறையில் பூட்டியிருக்கும், வெளியே வராது. அதுதான் டி.என்.ஏ. உள் அறை, செல்லின் உட்கரு. தேவையான பக்கத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டு, தூது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்து மாஸ்டர் புரோட்டா போடுகிறார். மாஸ்டரின் பெயர் ரைபோசோம், புரோட்டாதான் புரதம். (ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சீட்டுக்கு ஒரு புரோட்டா என்ற கணக்கு செல்லுக்குள் இல்லை. சீட்டு கண் முன்னால் இருக்கும் வரை மாஸ்டர் போட்டுக்கொண்டே இருப்பார். ஆகவே எவ்வளவு புரதம் உருவாகும் என்பதைக் குறைக்க ஒரு நல்ல வழி, சீட்டை எடுத்துவிடுவது. அடுப்படியில் நின்றுகொண்டு சில சீட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கம்பியில் குத்திவிடும் ஆள் ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. அவர் புரோட்டா போடமாட்டார். எந்தப் புரதத்துக்கும் அவரிடம் செய்முறை கிடையாது. அவர் வேலை குறைப்பது மட்டும்தான்.

கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே நோட்டுதான். ஒன்று கண்ணாகவும் இன்னொன்று கல்லீரலாகவும் இருப்பதற்குக் காரணம், எந்தெந்தப் பக்கம் சீட்டாகிறது, எந்தச் சீட்டு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதுதான். மரபணு வெளிப்பாடு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இது எப்படி உருவாகிறது?

மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் டி.என்.ஏ. நோட்டிலிருந்துதான் வருகிறது. மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. சாதாரணச் சீட்டை எழுதும் அதே நொதிதான் பெரும்பாலும் இதையும் எழுதுகிறது. முதலில் வருவது நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீண்ட இழை. அதில் ஒரு பகுதி தன்மேலேயே மடங்கி ஒட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் வரும் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஒரு வடிவம்.

உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற வெட்டும் நொதி, டி.ஜி.சி.ஆர்.8 என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து, அந்தக் கொண்டை ஊசியை மட்டும் அடியில் நறுக்கி எடுக்கிறது. இப்போது நீளம் சுமார் 70 எழுத்து. எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் அதைத் தூக்கிக்கொண்டு உட்கருவுக்கு வெளியே விடுகிறது.

வெளியே இரண்டாவது கத்தி காத்திருக்கிறது. பெயர் டைசர். காய்கறியைச் சதுரமாக நறுக்கும் டைஸ் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்த பெயர்தான். அது கொண்டை ஊசியின் வளைந்த முனையை வெட்டித் தள்ளுகிறது. மிஞ்சுவது சுமார் 22 எழுத்து நீளமுள்ள ஒரு ஜோடி இழை. அந்த ஜோடியை ஆர்கோநாட் என்ற புரதம் வாங்கிக்கொண்டு, ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. வைத்துக்கொண்ட இழைதான் முழுமையான மைக்ரோ ஆர்.என்.ஏ.

பெயருக்குப் பின்னால் வரும் 3பி, 5பி என்ற குறிகள், ஜோடியில் எந்தப் பக்கத்து இழை என்பதைச் சொல்கின்றன. மிர்-142-3பி என்று படித்தால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான் விஷயம்.

சீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆர்.என்.ஏ.வில் நான்கே எழுத்துகள். ஏ எழுத்து யூ-வோடும், ஜி எழுத்து சி-யோடும் ஜோடி சேரும். ஆர்கோநாட்டின் பிடியில் இருக்கும் 22 எழுத்தில், 2-ல் இருந்து 8 வரையிலான 7 எழுத்துகள்தான் முக்கியம். இதற்கு விதைப் பகுதி என்று பெயர். தூது ஆர்.என்.ஏ.வின் வால் பக்கத்தில் இந்த 7 எழுத்துக்கு ஜோடியான வரிசை இருந்தால் ஆர்கோநாட் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. மற்ற எழுத்துகள் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

உட்கார்ந்த பிறகு வேறு புரதங்களை அது துணைக்குக் கூப்பிடுகிறது. அவை சீட்டின் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் குறைக்கின்றன. வால் போன சீட்டை மாஸ்டர் சரியாகப் படிக்க முடியாது. சீக்கிரமே சீட்டும் அழிந்துவிடும். செடிகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும், சீட்டை நடுவிலேயே வெட்டியும் விடும். கண்ணைக் கீறிய நெல் பயிருக்குள்ளும் இதே மாதிரி ஒரு படை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

வெறும் 7 எழுத்து பொருந்தினால் போதும் என்பதால், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளில் கை வைக்க முடியும். ஒரே சீட்டில் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் உட்காரலாம். மனிதனின் புரத மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் குறையும் அளவு பெரும்பாலும் கொஞ்சம்தான். விளக்கை அணைக்கும் சுவிட்ச் என்று இதை எழுதுபவர்கள் உண்டு, அது சரியான ஒப்பீடு இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் என்று சொன்னால் கொஞ்சம் பொருந்தும்.

"கொஞ்சம்தானே" என்று விட்டுவிடவும் முடியாது. கருவிழியில் நிறைய இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிர்-184. வட அயர்லாந்தில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கருவிழி கூம்பு போலப் பிதுங்கும் நோயும், சிறு வயதிலேயே கண்புரையும் சேர்ந்து வந்தன. 2011-ல் காரணம் தெரிந்தது. மிர்-184-ன் விதைப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது.

புழுவில் கிடைத்த நோபல்

இந்த மூலக்கூறு முதலில் அகப்பட்டது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவில். அமெரிக்க ஆய்வாளர் விக்டர் ஆம்ப்ரோஸ், லின்-4 என்ற மரபணுவைத் தேடிப் போனார். அது எந்தப் புரதத்தையும் செய்யவில்லை, வெறும் 22 எழுத்து ஆர்.என்.ஏ.வைத்தான் தருகிறது என்று கண்டார். கேரி ருவ்குன் ஆராய்ந்துகொண்டிருந்த லின்-14 என்ற மரபணுவின் சீட்டில், அதற்கு ஜோடியான எழுத்துகள் இருந்தன. 1993-ல் இருவரும் வெளியிட்டார்கள். உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புழுவின் தனிக் கிறுக்கு என்றே நினைத்தார்கள். 2000-ல் லெட்-7 என்ற இன்னொன்றை ருவ்குன் குழு கண்டுபிடித்தது. அது மனிதன் உட்படப் பல உயிரினங்களில் அப்படியே இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோபல் அறிவிப்பு வந்தது 2024 அக்டோபர் 7 அன்று.

மதுரை ஆய்வில் என்ன தெரிந்தது?

மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூஞ்சைப் புண் வந்த 5 பேரின் கருவிழித் திசு, நன்கொடையாகக் கிடைத்த 3 ஆரோக்கியமான கருவிழிகள். இரண்டிலும் இருக்கும் சின்ன ஆர்.என்.ஏ.க்களை எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிட்டார்கள். மனிதக் கருவிழியில், பூஞ்சைத் தொற்றின்போது மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எப்படி மாறுகின்றன என்று விரிவாகப் பார்த்த முதல் ஆய்வு இது.

75 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு இரண்டு மடங்குக்கும் மேல் மாறியிருந்தது. அதிகமாக மாறியவற்றில் மிர்-511-5பி, மிர்-142-3பி, மிர்-155-5பி, மிர்-451ஏ ஆகியவை முக்கியமானவை. காயம் ஆறுவதிலும் அழற்சியிலும் பங்கெடுக்கும் மரபணுக்களின் சீட்டுகளில் இவை உட்காரக்கூடும் என்று கணினிக் கணக்கு சொன்னது.

மிர்-155 நோய் எதிர்ப்புத் துறையில் பழகிய பெயர். வெள்ளை அணுக்கள் உசுப்பப்படும்போது இது ஏறும். அழற்சியைத் தணிக்கும் சில புரதங்களின் சீட்டுகளை இது எடுத்துவிடுவதால், விளைவு தலைகீழாகி அழற்சி கூடும். குறைப்பதுதான் அதன் வேலை, ஆனால் அது குறைப்பது பிரேக்கை.

மிர்-451ஏ இன்னும் சுவாரசியமான ஆள். இது ஏறியிருந்த கருவிழிகளில், எம்.ஐ.எஃப். என்ற புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. குறைந்திருந்தது. எம்.ஐ.எஃப். அழற்சியைத் தூண்டிவிடும் புரதம். சீட்டை எடுப்பவர் கூடினார், சீட்டு குறைந்தது என்று கணக்கு பொருந்துகிறது. அழற்சி எல்லை மீறும்போது உடலே போடும் பிரேக்காக இது இருக்கலாம்.

மேலே சொன்ன இரண்டு கத்திக் கதைக்கு இதே மிர்-451 ஒரு விதிவிலக்கும்கூட. அதன் கொண்டை ஊசி மிகவும் குட்டையானது, டைசரால் பிடிக்க முடியாது. அதனால் ஆர்கோநாட்-2 தானே அதை வெட்டிவிடுகிறது. 2010-ல் இது வெளியானபோது, டைசர் இல்லாமல் மைக்ரோ ஆர்.என்.ஏ. உருவாக முடியாது என்று நினைத்திருந்தவர்களுக்கு ஆச்சரியம்தான்.

இந்த ஆய்வை வைத்து அதிகம் பேசிவிடவும் கூடாது. 5 நோயாளிகளின் திசுவையும் தனித்தனியாகப் படிக்கவில்லை, ஒன்றாகக் கலந்துதான் படித்தார்கள். மிர்-451 இரத்தச் சிவப்பணுக்களில் மிக அதிகமாக இருப்பது. மிர்-142 இரத்த அணுக்களுக்கே உரியது. புண் வந்த கருவிழிக்குள் இரத்த அணுக்களும் புதுக் குழாய்களும் நுழைகின்றன. அப்படியானால் கருவிழி செல்களே இவற்றைக் கூட்டினவா, வந்தவர்கள் கொண்டுவந்ததா? இதைப் பிரித்துப் பார்க்காமல் இவற்றில் எதையும் மருந்துக்கான இலக்கு என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்து ஏறியது, இறங்கியது என்பது ஒரு தடயம். ஆய்வாளர்களும் "கட்டுப்படுத்தக்கூடும்" என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

இது மருந்தாக வருமா?

மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் மருந்து எதுவும் இன்னும் சந்தைக்கு வரவில்லை. புற்றுநோய்க்காக மிர்-34 என்பதன் நகலை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான எதிர்ப்புசக்தி பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. ஒரே ஆள் நூறு சீட்டில் கை வைப்பவர் என்பதால், எந்த ஒரு விளைவுக்காக அவரைக் கூப்பிட்டாலும் மற்ற 99-ம் கூடவே வரும். இதே ஆர்கோநாட்டைப் பயன்படுத்தும் இன்னொரு வகை, முழுக்கப் பொருந்தி ஒரே சீட்டை மட்டும் வெட்டும் சின்ன ஆர்.என்.ஏ. அதில் மருந்து வந்துவிட்டது. நரம்பைப் பாதிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு பாடிசிரான் என்ற மருந்து 2018-ல் ஒப்புதல் பெற்றது.

கண்ணுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மருந்தை உடல் முழுக்க அனுப்ப வேண்டாம், சொட்டாகவோ சின்ன ஊசியாகவோ அந்த இடத்திலேயே கொடுக்கலாம். அழற்சியில் தேவையான பகுதியை விட்டுவிட்டு, கருவிழியைக் கரைக்கும் பகுதியை மட்டும் குறைக்க முடிந்தால், ஸ்டீராய்டு செய்ய முடியாததை இது செய்யும். அதற்கு முன் அதிக நோயாளிகள், நோயின் வெவ்வேறு கட்டங்கள், விலங்குச் சோதனை என்று வேலை நிறைய இருக்கிறது.

இப்போது கண்ணில் நெல் பட்டால்?

சுத்தமான தண்ணீரில் கழுவலாம். தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் ஊற்ற வேண்டாம். மெடிக்கலில் "கண் சிவந்திருக்கு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். வலி, கூச்சம், கண்ணீர், மங்கல் இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அன்றே என்பதற்குக் காரணம் இருக்கிறது. நேபாளத்தின் பக்தபூரில், கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு கிராமத்திலேயே ஆன்டிபயாட்டிக் களிம்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் வெளியானது. 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை.

புண் வந்துவிட்டால், அதைச் சுரண்டி எடுத்த துளியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சிகிச்சைக்கு முதல் மருந்து நாட்டமைசின் சொட்டு. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஒப்பீட்டில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே நன்றாக வேலை செய்தது. அதிலும் ஃபியூசேரியம் தொற்றில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நெல்லைக் கணக்கில் முதலிடத்தில் இருந்ததும் ஃபியூசேரியம்தான்.